ஏழாம் எண் குதிரைவாலி

சங்கரன்கோவில் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடையில் நிர்மலாதேவி வேலைக்குச் சேர்ந்து பத்து மாதம் ஆகியிருந்தது. ஆதார் அட்டை, பட்டா, மாற்றுச் சான்றிதழ் என்று நாள் முழுவதும் ஊராரின் காகிதங்கள் அவள் கைவழியாகப் போய்க்கொண்டிருக்கும். எதையும் அவள் படிப்பதில்லை. மார்கழிக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை, முன்பின் பார்த்திராத ஒரு பெண் வந்து நீட்டிய வண்ணத் துண்டறிக்கையை மட்டும் எழுத்து விடாமல் படித்தாள்.

"நிறைவயிறு ஆய்வு மையம். நாற்பத்தேழு நாள் மழையில்லை. ஆனாலும் பச்சை. பசியில்லா உலகுக்குக் கரிசல் தரும் விதை." கீழே தளதளவென்று நிற்கும் குதிரைவாலி வயல். வயலுக்கு நடுவே, தொப்பி அணிந்து, ஒரு கதிரைக் கையில் ஏந்தியபடி இயக்குநர் டாக்டர் விஜய்சங்கர். தை பத்தாம் தேதி வெளிநாட்டு நிதிக்குழு வயலைப் பார்வையிட வருகிறது என்று கட்டம் போட்டு அச்சிட்டிருந்தார்கள்.

"இருநூறு காப்பி வேணும்க்கா. அவசரம்" என்றாள் அந்தப் பெண்.

நிர்மலா இருநூறும் எடுத்துக் கொடுத்தாள். இருநூற்று ஒன்றாவதை மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். ஒரு வருடமாக நெஞ்சுக்குள் கனன்றுகொண்டிருந்தது அன்றைக்குத்தான் திசை கண்டது.

அந்த மையத்தில் அவள் நான்கு வருடம் கள அலுவலராக இருந்தவள். திருவேங்கடம் சாலையில் பன்னிரண்டு ஏக்கர் கரிசலைக் குத்தகைக்கு எடுத்து, மானாவாரியாக எட்டு வகைக் குதிரைவாலியைப் பாத்தி பாத்தியாக விதைத்திருந்தார்கள். எது குறைந்த மழையில் மணி பிடிக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் ஆராய்ச்சி. வாரம் தவறாமல் செடியின் உயரத்தை அளப்பது, கதிரை எண்ணுவது, அறுத்த பின் மணியை நிறுப்பது, எல்லாவற்றையும் குறிப்பேட்டில் எழுதுவது அவள் வேலை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் விஜய்சங்கர் பேசியது அவளுக்கு மனப்பாடம். உலகத்தில் கோடிக்கணக்கானவர்கள் இரவில் வெறும் வயிற்றோடு படுக்கிறார்கள், தண்ணீர் கேட்காத தானியம் ஒன்று கிடைத்தால் அவர்கள் அத்தனை பேருக்கும் சோறு, அது இந்த மண்ணிலிருந்தே போகட்டும் என்றார். தாவரவியல் படித்துவிட்டுப் பத்து வருடம் சும்மா இருந்தவளுக்கு அந்தப் பேச்சு சாமி வந்த மாதிரி இருந்தது. வெயிலில் கறுத்ததைக்கூட அவள் பெருமையாக நினைத்த காலம் அது.

மூன்றாம் வருடம் கார்த்திகையோடு மழை நின்றுபோனது. ஏழாம் எண் பாத்தியில் கதிர் வந்தது, பால் பிடிக்கவில்லை. உள்ளங்கையில் வைத்துக் கசக்கினால் பதர்தான் பறந்தது. அவள் குறிப்பேட்டில் பூஜ்யம் என்று எழுதினாள். ஆனால் அடுத்த ஆவணியில் அதே ஏழாம் எண் விதையைச் சுற்றுவட்டாரத்தில் பயிர் செய்யும் நூற்று நாற்பது சம்சாரிகளுக்குக் கொடுக்கப் போவதாக அறிவிப்பு வந்தது. அவள் நேராக இயக்குநரின் அறைக்குப் போய்க் கேட்டாள்.

"வேற ரெண்டு இடத்துல மறுசோதனை பண்ணியாச்சு நிர்மலா. ரிசல்ட் பிரமாதம். நம்ம பாத்தியில மண்ணுல ஏதோ கோளாறு" என்றார் விஜய்சங்கர், கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவள் நம்பினாள். நம்பியதோடு நிற்காமல், திருவேங்கடம் பக்கம் ஏழு ஏக்கர் வைத்திருந்த தன் அண்ணன் மகாராஜனிடமும் போய்ச் சொன்னாள். உளுந்து போடலாம் என்று இருந்தவரை, "சார் சொன்னா சரியா இருக்கும்ணே, ஏழு ஏக்கர்லயும் இதையே போடு" என்று மனசை மாற்றினாள்.

தையில் நூற்று நாற்பது பேர் வயலிலும் பதர் அறுத்தார்கள்.

மறுசோதனை எதுவும் நடக்கவே இல்லை என்பது அதற்குப் பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. நிதிக்குழுவுக்குப் போன அறிக்கையில் அவளுடைய பூஜ்யம் ஹெக்டேருக்கு ஆயிரத்து நூறு கிலோவாக மாறியிருந்தது. விளைச்சல் ஏன் பொய்த்தது என்று நிதிக்குழு விளக்கம் கேட்டபோது விஜய்சங்கர் இரண்டு வரியில் பதில் எழுதினார். மூன்றாம் ஆண்டின் தோல்வியைக் கள அலுவலர் நிர்மலாதேவி பதிவு செய்யத் தவறிவிட்டார், அவர் பணிநீக்கம் செய்யப்பட்டுள்ளார். அவளுடைய குறிப்பேடுகள் அலமாரியிலிருந்து காணாமல் போயின. அந்த இரண்டு வரியைத் தமிழில் ஆக்கி, விதை வாங்கிய ஒவ்வொருவருக்கும் தபாலில் வேறு அனுப்பியிருந்தார்கள்.

ஒரு சம்சாரியின் மனைவி சுளகு நிறையப் பதரைக் கொண்டுவந்து அவள் வாசலில் கொட்டிவிட்டுப் போனாள். மகாராஜன் ஒரே ஒரு தடவை வந்தார். வீட்டுக்குள் வரவில்லை. தெருவில் நின்றபடியே, "ஒன் வாயை நம்பித்தான் விதைச்சேன்" என்றார். மறுவாரம் நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டு, ஐம்பத்திரண்டு வயதில், திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குக் காவலாளியாகப் போய்விட்டார். அதன்பின் தங்கையோடு ஒரு சொல் பேசவில்லை. கைபேசியில் அவள் பெயர் தெரிந்தால் எடுப்பதில்லை.

துண்டறிக்கையை அவள் கணவன் கோமதிசங்கர் விசைத்தறி ஓட்டத்தை நிறுத்திவிட்டு வாங்கிப் பார்த்தான்.

"போன வருசக் கதையை விட்டுரு. அவன் பெரிய இடம். நம்மால ஆகாது" என்றான்.

"எழுதி அனுப்பினா ஆகாதுதான். எழுத்து அவன் கையில இருக்கு. நான் எழுதப் போறதில்லை."

"பின்ன?"

"அவன் நாலு பேர் முன்னால நிக்கணும். நான் பாக்கணும்."

அவள் குரலில் கோபமே இல்லாதது கோமதிசங்கருக்குப் பயமாக இருந்தது. மறுபடி தறியை ஓட்டிவிட்டான்.

படத்தைப் பார்த்த முதல் பார்வையிலேயே அவளுக்கு விஷயம் விளங்கியிருந்தது. நாற்பத்தேழு நாள் மழை இல்லாவிட்டால் கரிசலில் எந்தக் குதிரைவாலியும் அந்த நிறத்தில் நிற்காது. தண்ணீர் பாய்ந்திருக்க வேண்டும். மையத்தில் கிணறும் இல்லை, ஆழ்குழாயும் இல்லை. அப்படியானால் வெளியிலிருந்து வந்திருக்கிறது. ஊரில் தண்ணீர் லாரி ஓட்டுகிறவர்கள் நாலு பேர்தான். முதல் இரண்டு பேரும் தாங்கள் இல்லை என்றார்கள். மூன்றாவது ஆள் வெள்ளத்துரை. ரயில் நிலையத்துச் சாலையில் டீக்கடை முன்னால் லாரியைக் கழுவிக்கொண்டிருந்தவனிடம் அவள் சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"நிறைவயிறு வயலுக்கு எத்தனை நடை அடிச்சிய அண்ணாச்சி?"

வெள்ளத்துரை இரண்டு பக்கமும் பார்த்தான். "ஒனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலை. கேக்கேன்."

"பதினாறு நடை. நாலு ஞாயித்துக்கிழமை. லீவு நாள்ல ஆளு இருக்காதுல்லா, மத்தியானமா வரச் சொன்னாவ. முதல் வாரம் ஊத்துன தண்ணி பூராவும் வெடிப்புக்குள்ளயே போயிருச்சும்மா, மண்ணு குடிச்சுக்கிட்டே இருக்கு. அப்புறந்தான் வெடிப்பு மூடி மேல ஈரம் நின்னுச்சு." துணியைப் பிழிந்தபடி சொன்னான். "சாட்சிக்கு மட்டும் என்னைக் கூப்பிட்டுறாத. எம் பொழப்பு போயிரும்."

"நீங்க வர வேண்டாம். வெடிப்பு மூடிருச்சுன்னு சொன்னியள்லா, அது போதும்" என்றாள் நிர்மலா.

தை பத்தாம் தேதி காலை, வரவேற்புக்கு நிற்பதற்காகக் களை பறிக்கிற பெண்கள் பதினோரு பேரை வரச் சொல்லியிருந்தார்கள். அந்தக் கூட்டத்துக்குத் தலைவி மாதிரி இருப்பவள் தங்கப்பழம். அவளிடம் மட்டும் சொல்லிவிட்டு, துண்டைத் தலையில் முக்காடாகப் போட்டுக்கொண்டு, பன்னிரண்டாவது ஆளாக நிர்மலா வரப்பில் நின்றாள்.

மூன்று கார்கள் வந்தன. வெள்ளைக்காரர்கள் இரண்டு பேர். அவர்களோடு குழுவின் மண்ணியல் நிபுணர் ஷமீரா, கோயம்புத்தூர்க்காரர், நாற்பத்தைந்து வயதிருக்கும். விஜய்சங்கர் வயலைக் காட்டி ஆங்கிலத்தில் பேசினார். பசி, பருவநிலை, எதிர்காலத் தலைமுறை என்று அதே பழைய பேச்சு. விதை வாங்கி நொந்துபோன சம்சாரிகளில் ஒரு இருபது பேரையும், "இந்தத் தடவை திருத்தின விதை தருவோம்" என்று ஆசை காட்டி அழைத்து வந்து நிற்க வைத்திருந்தார். அது நிர்மலா எதிர்பாராத நல்ல காலம்.

பேச்சு முடிந்து கை தட்டியதும் அவள் முக்காட்டை எடுத்துவிட்டு முன்னால் வந்தாள். விஜய்சங்கர் பார்த்துவிட்டார். முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் மாறியது.

"மேடம், இவங்க பழைய ஸ்டாஃப். தப்புப் பண்ணி டிஸ்மிஸ் ஆனவங்க. யாராவது இவங்களை வெளிய கூட்டிட்டுப் போங்க."

"ஆமா மேடம், டிஸ்மிஸ் பண்ணுனாவ" என்றாள் நிர்மலா ஷமீராவைப் பார்த்து. "நான் யாரையும் குறை சொல்ல வரலை. மண்ணைப் பாருங்கன்னு சொல்லுதேன். அவ்வளவுதான்."

வரப்புக்கு அந்தப் பக்கம் வேறொருவரின் உளுந்து வயல், காய்ந்து கருகிக் கிடந்தது. அதில் இறங்கி மண்டி போட்டாள். கரிசல் பாளம் பாளமாக வெடித்திருந்தது. ஒரு வெடிப்புக்குள் வலது கையை விட்டாள். மணிக்கட்டு போனது, முழங்கை போனது, தோளுக்கு ஒரு சாண் மிச்சம் இருக்கும்வரை கை உள்ளே போனது. வெள்ளைக்காரர்களில் ஒருவர் படம் எடுத்தார்.

"இது நாப்பத்தேழு நாளுக்கு மேல மழை பெய்யாத மண்ணு மேடம். இப்ப சாரை அவரு வயல்ல கையை விடச் சொல்லுங்க. கை வேண்டாம். ஒரு விரலு போதும்."

பச்சை வயலில் செடிகளுக்கு நடுவே மண் பூசி மெழுகினதுபோல ஒட்டிக் கிடந்தது. விரல் நுழைய ஒரு கீறல் இல்லை.

"செடிக்கடியில வைக்கோல் மூடாக்கு போட்டு ஈரத்தைக் காப்பாத்துறோம்" என்றார் விஜய்சங்கர்.

ஷமீரா குனிந்து பார்த்தார். "மூடாக்கு எங்கே?"

ஷமீரா காரிலிருந்து மண் துளைக்கும் கருவியை எடுத்து வரச் சொன்னார். ஒரு சாண் ஆழத்திலிருந்து வந்த மண்ணை விரலில் உருட்டினார். கரிசல் சப்பாத்தி மாவு மாதிரி உருண்டது. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "மழை இல்லாம இது எப்படி, டாக்டர்?" என்று தமிழிலேயே கேட்டார்.

விஜய்சங்கரின் காது மடல் சிவந்தது. கழுத்தில் வியர்வை இறங்கிச் சட்டைக் காலரை நனைத்தது. தொப்பியை எடுத்தார், மறுபடி போட்டார். சம்சாரிகளின் பக்கம் பார்த்து எதையோ சொல்ல வாயெடுத்தார். அவர்களில் ஒருவர் சத்தம் போடாமல் கேட்டார், "அப்ப எங்க வயலுக்கும் இப்படித் தண்ணி கொண்டாந்து ஊத்தியிருக்கலாமே சார்?"

நிர்மலா கையில் ஒட்டிய மண்ணைக்கூடத் தட்டாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வருடம் காத்திருந்து கிடைத்தது. சீக்கிரம் முடிந்துவிடக் கூடாது என்று நினைத்தாள். அவர் நாக்கு உலர்வதை, வெள்ளைக்காரர்கள் தங்களுக்குள் பார்த்துக்கொள்வதை, ஒவ்வொன்றாக, நிதானமாக, தாகத்துக்குத் தண்ணீர் குடிப்பதுபோல உள்ளே இறக்கிக்கொண்டாள்.

விசாரணை வைத்தார்கள். அலமாரிக்குப் பின்னால் குறிப்பேடுகள் அகப்பட்டன. மாசி மாதம் மையத்துக்குப் பூட்டுப் போட்டார்கள். அதோடு, அதே நிதியில் நாலு அங்கன்வாடிகளில் பிள்ளைகளுக்குக் காலையில் கொடுத்துவந்த கம்பங்கூழும் நின்றுபோனது. அந்தக் கூழில் பொய் எதுவும் இருக்கவில்லை. நிர்மலாவே அதற்குக் கம்பு அளந்து போட்டவள்தான்.

தங்கப்பழம் கடைக்கு வந்து நின்றாள். "நீ செஞ்சது சரிதாம்ட்டி. அவன் அன்னைக்கு நின்ன நெலமையை நெனச்சா இன்னைக்கும் எனக்குச் சிரிப்புதான் வருது. ஆனா எங்க பதினோரு பேருக்கும் வேலை போச்சு. பிள்ளைகள்லாம் காலையில வெறும் வயித்தோட ஒக்காந்திருக்கு. அதையும் ஒங்கிட்ட சொல்லணும்லா."

"சொல்லுங்கக்கா" என்றாள் நிர்மலா. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும், மறுபடி ஒருமுறை அந்த வரப்பில் நிறுத்தினால் என்ன செய்வாய் என்று தன்னையே கேட்டுக்கொண்டபோது, கை தானாகவே வெடிப்பைத் தேடும் என்றுதான் தோன்றியது. ஷமீராவின் எண்ணுக்கு நாலு தடவை அடித்துக் கூழைப் பற்றிச் சொன்னாள். ஜூனில் வேறு வழி பார்க்கிறேன் என்றார் அவர்.

பங்குனியில் ஒரு நடுப்பகல், கடையில் ஆள் இல்லாத நேரம், விஜய்சங்கரே படியேறி வந்தார். தாடி வளர்ந்திருந்தது. தொப்பி இல்லை.

"உட்காரலாமா?"

அவள் முக்காலியைக் காட்டினாள்.

"நான் திருடன் இல்லை நிர்மலா. இன்னும் ரெண்டு வருஷம் கிடைச்சிருந்தா சரியான விதையைக் கண்டுபிடிச்சிருப்பேன். ரிசல்ட் காட்டலைன்னா நிதியை நிறுத்திடுவாங்க. ஆராய்ச்சி பிழைக்கணும்னுதான் அந்த எண்ணை மாத்தினேன். இது உலகப் பசி சம்பந்தப்பட்ட விஷயம். உங்களுக்கு அது புரியும்."

"எங்க அண்ணன் பசி எதுல சேத்தி சார்?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். குனிந்தபடியே வந்த காரியத்தைச் சொன்னார். விசாரணைக் குழு அவளிடமும் வாக்குமூலம் கேட்கப் போகிறது. எண் மாறியது வேலைப் பளுவில் நடந்த பிழை, வேண்டுமென்று செய்ததல்ல என்று அவள் ஒரு கடிதம் கொடுத்தால், வேறு ஊரிலாவது அவருக்கு ஒரு வேலை மிஞ்சும்.

நிர்மலா யோசிக்கிற மாதிரி இருந்தாள். பிறகு மேசையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"முதல்ல நீங்க எழுதுங்க. நிர்மலாதேவி பூஜ்யம்னுதான் எழுதினா, மாத்தினது நான், மறுசோதனை நடக்கலை, பழியை அவ மேல போட்டதும் நான்னு. தமிழ்ல. கையெழுத்துப் போட்டு."

"எழுதினா நீங்க கடிதம் தருவீங்களா?"

"எழுதுங்க சார்."

அவர் எழுதினார். இரண்டு இடத்தில் அடித்துத் திருத்தினார். கையெழுத்துக்குக் கீழே தேதியும் போடச் சொன்னாள், போட்டார். அவள் தாளை வாங்கி ஒருமுறை படித்துவிட்டு, இயந்திரத்தின் மூடியைத் திறந்து, கண்ணாடியில் முகம் கவிழ்த்து வைத்தாள். நூற்று நாற்பது என்று எண்ணை அழுத்தினாள். பச்சை வெளிச்சம் போய்ப் போய் வந்தது. தாள்கள் சூடாக வந்து விழுந்துகொண்டே இருந்தன. இருபது முப்பது விழுந்த பிறகுதான் அவருக்கு விளங்கியது.

"எதுக்கு இத்தனை காப்பி?"

"எத்தனை பேருக்கு விதை குடுத்தீங்களோ அத்தனை."

"என் லெட்டர்?"

"நான் தாரேன்னு சொல்லவே இல்லையே சார். எழுதுங்கன்னுதான் சொன்னேன்."

அவர் எழுந்து நின்றார். தாளைப் பறிக்கப் போகிறார் என்று அவள் நினைத்தாள், அதற்கும் தயாராக இருந்தாள். அவர் பறிக்கவில்லை. "இவ்வளவு விஷமா உங்களுக்குள்ள" என்று மட்டும் சொன்னார்.

"நீங்க விதைச்சதுதான் சார். இது மட்டும் நல்லா வெளஞ்சிருக்கு."

அவர் இறங்கிப் போனார். புளியங்குடி பேருந்தின் பின்னால் ஆள் மறைகிறவரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏமாற்றித்தான் வாங்கினோம் என்பது அவளுக்குத் தெரியும். வெட்கமாக இருக்கிறதா என்று உள்ளே தேடினாள். அகப்படவில்லை.

ஒன்பது நாள் கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுக் கோமதிசங்கரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வீடு வீடாகப் போனாள். திருவேங்கடத்தைச் சுற்றியும் கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கமும் எந்த வீட்டையும் விடவில்லை. கதவைத் தட்டி, தாளைக் கொடுத்து, அவர்கள் படித்து முடிக்கும்வரை வாசலிலேயே நின்றாள். எழுத்துத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டினாள். சிலர் கையெடுத்துக் கும்பிட்டார்கள். சிலர் மோர் கொடுத்தார்கள். பதரைக் கொட்டிய பெண் தாளை வாங்கிக்கொண்டு நிமிராமலே நின்றாள். நிர்மலாவும் அவளை லேசில் விடவில்லை. "சத்தமா வாசிங்க மதினி" என்றாள். அவள் வாசித்தாள். முடிக்கும்போது அழுகை வந்துவிட்டது.

ஒரு வீட்டில் பெரியவர் ஒருவர் தாளை மடித்து வைத்துவிட்டு வேறொன்று கேட்டார். "அது கெடக்கட்டும் தாயி. நீ நாலு வருசம் அளந்தவ. எதுதான் தாங்குச்சு?"

இந்தக் கேள்வியை இதுவரை யாருமே அவளிடம் கேட்டதில்லை. நிதிக்குழுவும் கேட்கவில்லை, விசாரணைக் குழுவும் கேட்கவில்லை.

"ஒப்பிட்டுப் பாக்கதுக்குன்னு ஓரத்துப் பாத்தியில ஒங்க நாட்டுக் குதிரைவாலியைப் போட்டிருந்தோம் தாத்தா. அந்த மழையில்லாத வருசத்துலயும் ஏக்கருக்கு ரெண்டு மூட்டை கணக்குக்கு வந்துச்சு. கூட இல்லை. ஆனா வந்துச்சு."

"அப்ப அதை ஏன் தரலை?"

"அது ஒங்ககிட்ட ஏற்கெனவே இருக்கதுதான. அதைக் கண்டுபிடிச்சோம்னு எப்படிச் சொல்ல முடியும்?"

அந்த விதை யார் வீட்டில் இன்னும் கிடக்கும் என்று பெரியவர் இரண்டு மூன்று பெயர்களைச் சொன்னார். புரட்டாசியில் விதைக்கும்போது வந்து நின்று அளந்து எழுத முடியுமா என்று கேட்டார். வருகிறேன் என்றாள்.

மகாராஜனுக்கான தாளைப் பதிவுத் தபாலில் திருப்பூருக்கு அனுப்பியிருந்தாள். இரண்டு வாரம் பதிலில்லை. சித்திரை பிறந்த பிறகு ஒரு மாலை, அங்கே கூட இருக்கும் அண்ணன் மனைவி, மதினிதான் கூப்பிட்டாள்.

"வந்து சேந்துச்சும்மா. வாசிச்சாவ. ரெண்டு தடவை வாசிச்சாவ. சட்டைப் பையில வச்சுக்கிட்டே டூட்டிக்குப் போறாவ. பேசுங்கன்னு போனைக் குடுக்கேன், வாங்க மாட்டேங்காவ."

"இப்ப பக்கத்துல இருக்காவளா?"

"இங்கனதான் இருக்காவ. சாப்பிடுதாவ."

நிர்மலா கைபேசியைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பக்கம் தட்டில் கை படுகிற சத்தம் கேட்டது. விஜய்சங்கர் மீதான ஆத்திரம் இம்மியும் குறையாமல் அப்படியேதான் இருந்தது. அதன் பக்கத்திலேயே, அண்ணன் சாப்பிடுவதைக் கேட்டால்கூடப் போதும் என்ற ஆறுதலும் வந்து உட்கார்ந்திருந்தது.

"சரி, சாப்பிடட்டும் மதினி. நீங்க போனை வைக்காதீங்க" என்றாள்.